அக்ரிலிக் ஷீட் வேலையிலிருந்து நாற்காலி வடிவமைப்புக்குப் போக முடியுமா?

போர்டுகடைப் பையன்:
வணக்கம். கோவையில் ஒரு நேம் போர்டு கடையில் நாலு வருடமாக இருக்கிறேன். லேசரில் எழுத்து வெட்டுவது, ஒட்டுவது, கடை வாசலில் மாட்டுவது எல்லாம் தெரியும். போன மாதம் மிச்சம் விழுந்த 12 மி.மீ. கனமுள்ள அக்ரிலிக் (கண்ணாடி போலிருக்கும் பிளாஸ்டிக்) துண்டுகளில் வீட்டுக்கு ஒரு டீப்பாய் செய்தேன். அதிலிருந்து மனசு போர்டில் நிற்கவில்லை. அக்ரிலிக் மேசை, நாற்காலி என்றே பெயர் வாங்கியவர்கள் உண்டா? அவர்கள் எங்கே ஆரம்பித்தார்கள்?

பழைய பட்டறை:
தம்பி, ஷிரோ குராமாட்டா என்ற ஜப்பானியரைத் தேடிப் பாருங்கள். நான் இந்த வேலையில் 22 வருடமாக இருக்கிறேன். இன்றைக்கும் அவர் செய்த நாற்காலியின் படம் என் மேசைக்கு மேலேதான் தொங்குகிறது.

1934இல் டோக்கியோவில் பிறந்தவர். முதலில் மரவேலை கற்றார், அப்புறம் குவாசாவா டிசைன் பள்ளியில் படித்தார். படிப்பே வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் படித்து முடித்தவர் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்: சான்-ஐ நிறுவனத்தில் கடை அலங்கார வேலை. ஷோகேஸ், கண்ணாடி ஜன்னல், விளக்கு. நீங்கள் இப்போது நிற்கும் அதே வாசல்தான். 1965இல்தான் சொந்த அலுவலகம். 1968இல் மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும் பிரமிடு வடிவ இழுப்பறை அலமாரி, அக்ரிலிக்கில். பிறகு ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகேயின் துணிக்கடைகளை வடிவமைத்தார். 1981இல் இத்தாலியின் மெம்பிஸ் என்ற வடிவமைப்பாளர் குழுவோடும் சேர்ந்தார்.

நான் சொல்லும் நாற்காலி 1988இல் வந்தது. பெயர் 'மிஸ் பிளான்ச்'. கனமான அக்ரிலிக்குக்குள் சிவப்பு ரோஜாக்கள், செயற்கைப் பூக்கள்தான், அப்படியே மிதக்கின்றன. பூக்களைப் பிடித்து நிறுத்தும் எந்தக் கம்பியும் தெரியாது. ஷீட்டை வெட்டி ஒட்டிச் செய்ய முடியாத பொருள் அது. திரவமாக அச்சில் ஊற்றி இறுக வைக்க வேண்டும். இறுகும்போது அதுவாகவே சூடாகும், கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். அவசரப்பட்டால் உள்ளே குமிழி கட்டிவிடும். பூவும் நினைத்த இடத்தில் நிற்க வேண்டும். இதெல்லாம் கைகூட அவருக்கு 23 வருட அனுபவம் பின்னால் இருந்தது. மூன்றே வருடத்தில், 1991இல், 56 வயதில் போய்விட்டார். எனக்கு அது இப்போதும் வருத்தம்தான்.

ஜன்னலோரம்:
வீட்டு அலங்கார வேலை செய்கிறேன். ஒரு வாடிக்கையாளருக்கு 20 மி.மீ. ஷீட்டில் சாப்பாட்டு மேசை போட்டுக் கொடுத்தோம். முழு ஷீட், எட்டுக்கு நாலு அடி, சுமார் 70 கிலோ. நாலு பேர் தூக்கினோம். அவ்வளவு அழகு. இரண்டாவது மாதம் ஓரமெல்லாம் முடி போல விரிசல். வேலைக்கு வந்த அம்மா ஸ்பிரிட் தொட்டுத் துடைத்திருக்கிறார். தவறு எங்களுடையதுதான், ஒப்படைக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். மெல்லிய துணி, தண்ணீர், ஒரு துளி சோப்பு, அவ்வளவு போதும்.

போர்டுகடைப் பையன்:
அக்கா, என் டீப்பாயிலும் அதே மாதிரி விரிசல்! நான் ஸ்பிரிட்டே தொடவில்லை. ஓரத்தை கேஸ் டார்ச்சில் பளபளப்பாக்கிவிட்டு, அக்ரிலிக்கைக் கரைத்து ஒட்டும் குளோரோஃபார்மை சிரிஞ்சில் எடுத்து ஒட்டினேன். காலையில் பார்த்தால் இணைப்பை ஒட்டி வெள்ளை வெள்ளையாகக் கோடு.

பழைய பட்டறை:
காரணம் அதுதான் தம்பி. தீ பட்ட ஓரத்தில் இறுக்கம் தங்கிவிடும். அதன் மேல் குளோரோஃபார்ம் பட்டதும் விரிசல் விடும். லேசரில் வெட்டிய ஓரத்துக்கும் இதே கதைதான். ஒட்டப் போகும் ஓரத்தை டார்ச்சில் காட்டவே காட்டாதீர்கள். வெட்டிய துண்டுகளை ஓவனில் 80 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, ஓவனை அணைத்து, கதவைத் திறக்காமல் அப்படியே ஆற விடுங்கள். அப்புறம் ஒட்டுங்கள். வெளியே தெரியும் ஓரத்துக்கு உப்புத்தாள், கடைசியில் பஃபிங் (துணிச் சக்கரத்தில் மெருகேற்றுவது). ஷீட் வாங்கும்போது கேஸ்ட் ஷீட்தானா (அச்சில் ஊற்றிச் செய்தது) என்று கேட்டு வாங்குங்கள், எக்ஸ்ட்ரூடட் (உருக்கிப் பிதுக்கிச் செய்தது) இந்த வேலைக்குச் சீக்கிரம் விரிசல் விடும். குளோரோஃபார்மை ஜன்னல் மூடிய அறையில் திறக்க வேண்டாம்.

அந்த டீப்பாயைத் தூக்கிப் போடாதீர்கள். இணைப்பைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.