பிளாகர் தீம்: போன்ல தமிழ் எழுத்து உடையுது

காசிமேடு:
பிளாகர்ல (கூகுளோட வலைப்பதிவு சேவை) மீன் விலை போடுற பக்கத்துக்கு தீம், அதாவது பக்கத்தோட தோற்ற வடிவம், மாத்தினேன். போன்ல பழைய தோற்றமே வருது. தலைப்புல 'கொ'வுக்குக் கொம்பு தனி, கால் தனியா நிக்குது. என்னண்ணா பண்ணலாம்?

தண்டையார்பேட்டை:
முதல்ல தீமை பேக்கப் (நகல்) எடு தம்பி. தீம் பக்கத்துல தனிப்பயனாக்கு பட்டனை ஒட்டின அம்புக்குறி, மொபைல் அமைப்புகள், அங்க 'டெஸ்க்டாப்'னு மாத்து. தீம் ரெஸ்பான்சிவா (திரை அளவுக்கு ஏத்தபடி தானா மாறுறதா) இல்லேன்னா எழுத்து பொடிசாத்தான் தெரியும்.

ராயபுரம்:
எழுத்து உடையறது லெட்டர் ஸ்பேசிங்கால (எழுத்துகளுக்கு நடுவுல விடுற கூடுதல் இடைவெளி). இங்கிலீஷுக்கு அழகு, தமிழுக்கு எமன். 0 ஆக்கு. லைன் ஹைட் (வரி உயரம்) 1.7 வை, 1.2ல மேல்வரி 'கூ' வால் கீழ்வரி 'கீ' சுழியில இடிக்கும்.

தண்டையார்பேட்டை:
வேற எழுத்துரு வேணும்னு கூகுள் ஃபான்ட் இணைப்பை தீமோட எச்டிஎம்எல்ல (பக்கத்தோட நிரல்) ஒட்டினா, ஆம்பர்சாண்ட் (&) குறி தனியா இருக்கக் கூடாது, சேவ் ஆகாது. பின்னாடியே ஏ, எம், பி, செமிகோலன் சேர்த்துடு.