ட்ரெக்கிங் ஷூ சோல் கழன்றுவிட்டது, சனிக்கிழமை சாந்தன் பள்ளத்தாக்கு. அவசரம்!

டோம்பிவலி ஈஸ்ட் · செவ்வாய் இரவு 11.40
வணக்கம் நண்பர்களே. ஷூ சோல் பிய்ந்துவிட்டது. சனிக்கிழமை விடிகாலை கிளம்ப வேண்டும். எந்தப் பசை போட்டால் தண்ணீரில் நிற்கும்? விலை உயர்ந்த ஷூ, தூக்கிப் போட மனசு வரவில்லை. சீக்கிரம் சொல்லுங்கள், நாளைக்கே ஒட்டினால்தான் காயும்.

கசாரா கடைசி லோக்கல் · 11.52
ஒரு காலா, இரண்டு காலுமா? முன்பக்கம் வாய் பிளந்திருக்கிறதா, மொத்தமாகக் கையோடு வந்துவிட்டதா? வாங்கி எத்தனை வருஷம்? சாந்தனில் பாதி தூரம் போய்த் திரும்புகிறீர்களா, கயிற்றில் இறங்கி அந்தப் பக்கம் போகிறீர்களா? இதெல்லாம் தெரியாமல் பசை பெயர் சொல்ல முடியாது.

செம்பூர் நாகா · 11.58
ஃபெவிக்விக். இரண்டு பாக்கெட். நான் கல்லூரி ஷூவை மூன்று வருஷம் அப்படித்தான் ஓட்டினேன்.

பாறைப்பல்லி · புதன் 6.15
இதே கேள்விக்கு இங்கே நாலைந்து இழை இருக்கிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் கிடைத்திருக்கும். "விலை உயர்ந்த ஷூ" என்று எழுதத் தெரிந்தவருக்கு எந்த ஷூ என்று எழுதத் தெரியவில்லை. இருபது வருஷமாகச் சஹ்யாத்ரி ஏறுகிறேன், என் ஷூ ஒரு முறைகூடப் பிய்ந்ததில்லை. ஷூவைப் பராமரிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மாட்டுங்கா மாமா · 6.40
அடடா, பையன் அவசரத்தில் கேட்கிறான், காலங்காத்தாலே ஏன் திட்டுகிறீர்கள். தம்பி, ஸ்டேஷன் வாசலில் செருப்புத் தைக்கும் மோச்சியிடம் கொடுத்துச் சுற்றிலும் தைக்கச் சொல். நூறு நூற்றைம்பது ஆகும். பசையை நம்பாதே, நூலை நம்பு.

முலுண்ட் மலையேறி · 7.05
பசையைவிடக் காரணம் முக்கியம். நம் மலை எரிமலைப் பாறை. உடைந்த விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அதுதான் சோலை அறுத்திருக்கும். கனமான ரப்பர் போட்ட ஷூ வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது.

டோம்பிவலி ஈஸ்ட் · 9.20
ட்ரெயினில் நின்றபடி எழுதுகிறேன், மன்னிக்கவும். இரண்டு காலும் போய்விட்டது. ஷூ புதுசு மாதிரிதான், நாலே தடவை போட்டது. தீபாவளிக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது எடுத்தேன். போன ஞாயிறு ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்று பீவ்புரி ரோட்டில் இறங்கி கார்பெட் பீடபூமி பக்கம் நடந்தோம். ஓடையைத் தாண்டியபோது இடது கால் சோல் தண்ணீரிலேயே தங்கிவிட்டது. அரை மணி நேரத்தில் வலதும் போனது. ஷூ லேஸால் கட்டிக்கொண்டு ஸ்டேஷன் வந்து சேர்ந்தேன். கயிறு இறக்கம் உண்டு, குழுவோடு போகிறோம்.

கசாரா கடைசி லோக்கல் · 9.31
புதுசு மாதிரி என்றால்? எந்த வருஷம் வாங்கியது என்றுதான் கேட்டேன்.

தொண்ணூறடி ரோடு · 10.10
தாராவியில் அப்பா காலத்திலிருந்து தோல், ஷூ வேலைதான் செய்கிறோம். தம்பி, பசை வாங்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். சோல் கழன்ற இடத்தில், ரப்பருக்கும் மேல்தோலுக்கும் நடுவே தெரியும் ஃபோமைக் கட்டை விரல் நகத்தால் அழுத்துங்கள். ரஸ்க் மாதிரி உதிர்கிறதா, அல்லது மெழுகு மாதிரிப் பிசுபிசுக்கிறதா என்று சொல்லுங்கள். இரண்டும் இல்லாமல் கெட்டியாக, வழவழப்பாக இருந்தால் பசை விட்டிருக்கிறது. அது எளிது. உதிர்ந்தால் எந்தப் பசையும் உதவாது.

செம்பூர் நாகா · 10.22
அண்ணா, ஃபெவிக்விக் கூடவா உதவாது?

தொண்ணூறடி ரோடு · 10.45
அது கல் மாதிரி இறுகிவிடும். ஷூ ஒவ்வொரு அடிக்கும் விரலுக்குப் பின்னால் மடங்குகிறது, அந்த மடிப்பில் உடைந்து வந்துவிடும். உங்கள் கல்லூரி ஷூ மலை ஏறவில்லை. பசை விட்ட கேஸ் என்றால் மோச்சிகள் வைத்திருக்கும் மஞ்சள் சொல்யூஷன்தான் சரி. இரண்டு பக்கமும் உப்புத்தாளால் தேய்த்து, இரண்டிலும் தடவி, விரல் வைத்தால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் வரை காயவிட்டு, அதற்கப்புறம் அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே அவசரப்பட்டு அழுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு.

இங்கே ஆனால் எனக்குச் சந்தேகம் பாலியூரித்தேன் ஃபோம் மேல். நல்ல விலைக்கு விற்கும் ட்ரெக்கிங் ஷூக்களில் நடுவில் இருப்பது பெரும்பாலும் அதுதான். மெத்தென்று இருக்கும், எடை தாங்கும். ஆனால் காற்றில் இருக்கும் ஈரமே அதை மெல்ல மெல்ல உடைத்துவிடும். சூடு சேர்ந்தால் இன்னும் வேகம். மும்பைப் பரணில் ஈரம், சூடு இரண்டுமே இலவசம். போடாமல் வைத்த ஷூதான் முதலில் போகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்தது. வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும்.

மாட்டுங்கா மாமா · 11.02
அப்போ தையல்?

தொண்ணூறடி ரோடு · 11.06
மாமா, ரஸ்க்கைத் தைக்க முடியுமா?

பாறைப்பல்லி · 11.30
முலுண்ட் நண்பருக்கு ஒரு திருத்தம். "எரிமலைப் பாறை" என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்வது போல் எழுதாதீர்கள். சஹ்யாத்ரி இமயமலை மாதிரி மடிப்பு மலை. நான் ஏறாத கோட்டை இல்லை, எங்கேயும் எரிமலை வாய் பார்த்ததில்லை.

கில்பர்ட் ஹில் நிழல் · 12.15
அண்ணா, வாய் தேடினால் கிடைக்காது. சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னால் தரையில் நீளநீளமாகப் பிளவு விட்டு, அதன் வழியே லாவா வெள்ளம் மாதிரிப் பரவியது. ஒரு அடுக்கு ஆறும், மேலே இன்னொரு அடுக்கு வரும். இன்றைக்கு மிஞ்சியதே ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் அளவு. தக்காணத்தின் மேற்கு விளிம்பு அரிபட்டுச் செங்குத்தாக நிற்பதைத்தான் நாம் மலை என்கிறோம். மடிப்பு ஏதும் இல்லை. கார்பெட்டிலிருந்து எதிர் மலையைப் பாருங்கள், படுக்கை வசத்தில் கோடு கோடாக, படி மாதிரித் தெரியும். இந்த லாவா அடுக்குகளுக்குப் பெயரே "டெக்கான் ட்ராப்". அதில் ட்ராப் என்றால் ஸ்வீடன் மொழியில் படிக்கட்டுதான். 1646 மீட்டர் கல்சுபாய் உச்சியில் நீங்கள் மிதிப்பதும் லாவாதான்.

அவ்வளவு தூரம் போவானேன், அந்தேரி வெஸ்டில் என் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கில்பர்ட் ஹில். சுமார் 200 அடி உயரத்துக்குக் கருங்கல் தூண்களைக் கட்டு கட்டாகச் செருகி வைத்தது மாதிரி நிற்கும். லாவா ஆறும்போது சுருங்கி வெடித்த தூண்கள் அவை.

பாறைப்பல்லி · 12.40
வாய் இல்லாததற்கு எரிமலை என்று எப்படிப் பெயர் வைப்பது? நான் சொன்னது எரிமலை கிடையாது என்று. அது சரிதான்.

கில்பர்ட் ஹில் நிழல் · 12.44
நீங்கள் சொன்னது மடிப்பு மலை என்று. மேலே அப்படியே இருக்கிறது.

முலுண்ட் மலையேறி · 12.50
ஆக, எரிமலைப் பாறை என்று நான் சொன்னது சரி. நன்றி.

கில்பர்ட் ஹில் நிழல் · 12.58
பாறை சரி, சோலை அறுத்தது என்பது தப்பு. ஓடைக்குள் கிடக்கும் பாறை கத்தியாக இருக்காது, தண்ணீர் தேய்த்து வழுவழுவென்று ஆகியிருக்கும். இந்த லாவாப் பாறையான பசால்ட் பொடிமணிக் கல் வேறு, மெருகு ஏறும். மேலே பாசி ஒரு படலம் படிந்தால் சோப்பு போட்ட பாத்ரூம்தான். அங்கே அறுபடுவதற்கு எதுவும் இல்லை, வழுக்குவதற்குத்தான் எல்லாம்.

செம்பூர் நாகா · 1.15
வழுக்கலுக்கு ஒரு யோசனை: பழைய காட்டன் சாக்ஸை ஷூவுக்கு வெளியே மாட்டுங்கள். பாசியில் பிடிக்கும். நான் செய்திருக்கிறேன்.

பாறைப்பல்லி · 1.21
ஃபெவிக்விக், இப்போது சாக்ஸ். அடுத்து என்ன, சந்தனம் பூசலாமா?

மாட்டுங்கா மாமா · 1.40
சாந்தனுக்கு மேலே இருக்கும் சாம்ரத் கிராமத்துப் பெரியவர்கள் வெறுங்காலோடு போகிறார்கள், நாம் பத்தாயிரம் ரூபாய் ஷூ போட்டுக்கொண்டு விழுகிறோம்.

தொண்ணூறடி ரோடு · 2.05
சாக்ஸ் யோசனையைச் சிரித்துத் தள்ள வேண்டாம், சிறு தூரத்துக்குப் பிடிக்கும், சீக்கிரம் கிழியும். ஈரப் பாறையில் முக்கியம் ரப்பர் எவ்வளவு மென்மை என்பது. சோலின் பல் பெரிதாக இருப்பது சேற்றுக்குத்தான் உதவும். பழைய ரப்பர் இறுகிப் போயிருக்கும், அதனால் இந்த ஷூ ஒட்டினாலும் வழுக்கும். அவசரத்துக்கு லேஸ் கட்டுவதாக இருந்தால் விரல் பக்கம் கட்டாதீர்கள், பாறையில் உரசி அறும். குதிகாலுக்கு முன்னால், பாதத்தின் வளைவில் சோல் உள்வாங்கி இருக்கும், அங்கே கட்டுங்கள். கயிறு தரையைத் தொடாது.

கசாரா கடைசி லோக்கல் · 3.30
எரிமலைப் பஞ்சாயத்து முடிந்ததா? தம்பி, சோலைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சாந்தனில் முதல் கயிற்று இறக்கம் தாண்டிக் கயிற்றை உருவிய பிறகு வந்த வழியே திரும்ப முடியாது. அப்புறம் முழுக்க இறங்கித்தான் ஆக வேண்டும். பாதை என்று ஒன்று இருக்காது, ஆட்டோ அளவுக்குக் கிடக்கும் பாறைகள் மேல் தாவித் தாவிப் போவீர்கள். இரு பக்கமும் சுவர், வெயில் அடிவரை இறங்குவதே கொஞ்ச நேரம், அதனால் ஈரம் காயாது. நடுவில் தண்ணீர் தேங்கிய குட்டைகள் வேறு, மழைக்காலம் முடிந்த உடனே என்றால் இடுப்பு வரை இருக்கும். அங்கே சோல் போனால் குழு முழுக்க உங்களுக்காக நிற்கும். இருட்டிவிடும்.

இன்னொன்று, போன வாரம் மாலை மழை இருந்தது. மேலே சாம்ரத் பக்கம் மழை கொட்டினால் அது வடிய வேறு இடம் கிடையாது. சனிக்கிழமை காலை ஊர்க்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே இறங்குங்கள். குழுத் தலைவர் "பார்த்துக்கலாம்" என்றால் நீங்கள் பார்க்காமல் திரும்பி வாருங்கள்.

ஷூவுக்கு என் பதில்: ஆக்‌ஷன் கம்பெனியின் ட்ரெக்கிங் ஷூ. சஹ்யாத்ரியில் பாதிப் பேர் காலில் அதுதான் இருக்கும். விலை குறைவு, ரப்பர் நன்றாகப் பிடிக்கும். அழகு கிடையாது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஆபீசுக்கே போட்டுப் போய் காலுக்குப் பழக்குங்கள்.

பாறைப்பல்லி · 4.10
கடைசியில் நான் முதலில் சொன்னதுதான்: ஷூ பராமரிப்பு.

கசாரா கடைசி லோக்கல் · 4.12
சரி.

டோம்பிவலி ஈஸ்ட் · இரவு 10.55
வீட்டுக்கு வந்து நகத்தால் அழுத்தினேன். இட்லிப் பொடி மாதிரி உதிர்ந்தது. பாக்கி இருந்ததும் கையோடு வந்துவிட்டது. வாங்கியது 2015. சென்னைக்குப் போனபோது ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று மச்சானுக்கும் எனக்கும் சேர்த்து எடுத்தது. பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

தொண்ணூறடி ரோடு · 11.10
கவர்தான் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்திருக்கிறது. அடுத்த ஷூவைக் காற்றாட வையுங்கள், மாதம் ஒரு தரமாவது போட்டு நடங்கள். மேல்தோல் நன்றாக இருந்தால் எடுத்து வாருங்கள், சோல் முழுவதும் மாற்றிப் பார்க்கலாம். ஆனால் சனிக்கிழமைக்குள் ஆகாது. இந்த வாரம் புது ஷூதான்.

கசாரா கடைசி லோக்கல் · 11.14
மச்சானும் வருகிறாரா?

முலுண்ட் மலையேறி · வியாழன் 8.00
நான் இன்னும் பாறை ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

மாட்டுங்கா மாமா · வெள்ளி 7.30
என்ன ஆச்சு தம்பி, ஷூ வாங்கியாச்சா? சத்தத்தையே காணோம்.

டோம்பிவலி ஈஸ்ட் · பதினொரு நாள் கழித்து
எல்லோருக்கும் நன்றி. போய் வந்தோம். ஆக்‌ஷன் தாங்கியது, இரண்டு கொப்புளம்தான். இரண்டாவது குட்டைக்குப் பக்கத்தில் மச்சான் ஷூ வாய் பிளந்துவிட்டது. அவனுக்கு இதைச் சொல்ல மறந்துவிட்டேன். நல்ல வேளை, கயிற்று இறக்கத்துக்கு முன்னால். அவனைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டேன். குழு மட்டும் கீழே போனது. வளைவில் கட்டச் சொன்ன லேஸ் ஊர் வரை நின்றது.

செம்பூர் நாகா · மறுநாள்
எனக்கு ஒரு உதவி. என் ஷூவும் 2014 மாடல், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த வாரம் பீமாஷங்கர், ஷிடி காட் வழி. ஏணிகள் இருக்கிறதாம். போகலாமா?

கசாரா கடைசி லோக்கல் · மறுநாள்
நகத்தால் அழுத்தினீர்களா?