மறு: குளத்துக்கரைச் சுவர் நிதி – பணம் அனுப்புமுன் இதையும் படித்துவிடுங்கள்

ஊர்ச் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

சிங்கப்பூர் அண்ணாச்சி அனுப்பிய மடலையும் அதற்கு வந்த பதில்களையும் மஸ்கட் வந்து இறங்கிய அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். உடைந்த நம் குளத்துக்குக் கரை நெடுக கான்கிரீட் சுவரும், ஊர் எல்லையில் நம் ஊர்ச் சங்கத்தின் பெயர் போட்ட வளைவும் கட்டப் பணம் கேட்டிருந்தார். பன்னிரண்டு பேர் தொகையும் சொல்லிவிட்டீர்கள். அதில் என் பெயரும் இருக்கிறது. இப்போது நானே அதை நிறுத்தி வைக்கச் சொல்கிறேன். அண்ணாச்சி, காரணத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் ஏசுங்கள்.

மூன்று வாரம் ஊரில் இருந்தேன். 2023 டிசம்பரில் உடைந்த கரை இன்னும் மணல் மூட்டையில்தான் நிற்கிறது. நடுவில் ஒரு மழைக்காலம் போய்விட்டது. அது நம் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். உடைப்புக்குக் கீழே சித்தப்பா வயலில் கால் வைத்தால் கடற்கரையில் நடக்கிற மாதிரி மணல் புதைகிறது. பிசானத்துக்கு, அதாவது மழைக்காலப் போகத்துக்கு, நட்ட நெல் இருந்த இடம் அது. பக்கத்து வாழைத் தோட்டத்தில் மூன்று நாள் தண்ணீர் நின்று கிழங்கு அழுகிப்போனது. மரம் நின்றபடியே இருந்ததால் முதலில் தப்பித்தது என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து ஒவ்வொன்றாகச் சாய்ந்திருக்கிறது. மணலை அள்ளினாலும், அடியில் இருந்த வண்டல் போனது போனதுதான்.

"வரலாறு காணாத மழை, யார் என்ன செய்ய முடியும்" என்று பாதி மடல்களில் இருந்தது. மழை பெரிதுதான், மறுக்கவில்லை. அந்த டிசம்பர் 17-ஆம் தேதி காலையில் இருந்து 18-ஆம் தேதி காலை வரைக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் தீவு மாதிரி நின்றதை எல்லாரும் டிவியில் பார்த்தோம். 62 சென்டிமீட்டர் என்றால் ஒரு ஏக்கரில் விழுந்த தண்ணீர் மட்டும் 25 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் இருநூறை ஒரே ஏக்கரில் கவிழ்த்த கணக்கு. நம் பக்கமும் கிட்டத்தட்ட அப்படித்தான் கொட்டியிருக்கும்.

ஆனால் அதே மழையில், நமக்குக் கிழக்கே இருக்கிற குளம் உடையவில்லை. நம்முடையதைவிடச் சின்னக் குளம், பழைய கரை. அது நின்றது, நம்முடையது போனது. இதைத்தான் சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. "வா, காட்டுதேன்" என்று, குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற மறுகாலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

இனி எழுதப்போவது நமக்குச் சங்கடமான விஷயம்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது நினைவிருக்கும். குளம் வெடித்துக் கிடந்த படங்களைப் பார்த்து இந்தக் குழுவே கண்கலங்கியது. அடுத்த வருஷம் நாம் பணம் சேர்த்து அனுப்பி மறுகாலை ஒரு அடி உயர்த்தினோம். "ஒரு அடி கூட நின்னா ஒரு மாசத் தண்ணி" என்று எழுதியவன் நான்தான். பழைய மடல்களில் தேடினால் கிடைக்கும். ஒன்றிய அலுவலகத்தில் யாரையும் கேட்கவில்லை. கான்கிரீட் போட்டு, சங்கத்தின் பெயரைக் கல்லில் வெட்டிப் பதித்து, படம் எடுத்து இங்கே போட்டோம். நூற்றுக்கு மேல் வாழ்த்து வந்தது.

மறுகால் மேல் முன்பு வரிசையாகக் கல் நட்டிருந்ததே, அதன்மேல் உட்கார்ந்து தூண்டில் போட்டோமே, அது எதற்கு என்று எனக்கு இந்த ஐம்பது வயதில்தான் தெரிகிறது. மழை முழுதாக ஓய்ந்த பிறகு, தை மாதம்போல, கல்லுக்குக் கல் இடைவெளியில் மண்ணும் வைக்கோலும் வைத்து அடைப்பார்களாம். அந்த ஒரு அடித் தண்ணீர் கடைசி நனைப்புக்கு உதவும். ஐப்பசி, கார்த்திகையில் அதை அடைக்க நினைத்தால் பெரியவர்கள் கம்பை எடுத்துக்கொண்டு வருவார்கள். அதாவது நாம் செய்ய நினைத்ததை அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள். வேண்டும்போது எடுத்துவிடுகிற மாதிரி. நாம் அதை எடுக்க முடியாதபடி கட்டிவிட்டோம்.

ஒரு அடிதானே என்று தோன்றும். கரை உச்சிக்கும் மறுகால் தலைக்கும் நடுவே முன்பு மூன்றடி இருந்தது, இப்போது இரண்டடி. மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது என்று நான் கணக்குப் போட்டேன். நியூஜெர்சித் தங்கச்சி சிவில் படித்தவள். அவளிடம் கேட்டபோது சிரித்தாள். தண்ணீர் உயரம் குறையும்போது அதன் வேகமும் சேர்ந்து குறையுமாம். மூன்றடி உயரத்தில் 100 வாளி போகிற மறுகாலில், இரண்டடியில் 54 வாளிதான் போகும். நம் பணத்தில் மறுகாலைப் பாதிக்குப் பாதி அடைத்திருக்கிறோம். மீதித் தண்ணீர் கரையில் டிராக்டர் ஏறி இறங்கத் தாழ்த்தி வைத்திருந்த இடமாகப் பார்த்து வழிந்திருக்கிறது. மண் கரையில் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் அரை மணி நேரம் போதும்.

இப்போது சொல்லுங்கள், இதன்மேல் சுவர் எழுப்பினால் என்ன ஆகும்? குளம் இன்னும் உயரமாக நிற்கும். மண்ணும் கான்கிரீட்டும் சேருகிற இடத்தில் கசிவு எடுக்கும். உடைந்தால் இன்னும் பெரிதாக உடையும். வளைவு மட்டும் நிற்கும்.

மறுகாலைச் சரிசெய்தாலும் அதற்குக் கீழே ஓடை வேண்டும். வண்டிப்பாதை அகலத்துக்கு இருந்த ஓடை இப்போது தார்ச்சாலைக்கு அடியில் இரண்டு குழாய் வழியாகப் போகிறது. இருபுறமும் வேலி உள்ளே வந்திருக்கிறது, ஒரு இடத்தில் காம்பவுண்டுச் சுவரே இருக்கிறது. யார் வீடு என்று எழுதமாட்டேன். அவர்களும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வரை போகவேண்டாம் என்றுதான் பெரியவர்கள் நினைக்கிறார்கள். சம்பந்தப்பட்டவர்கள் தாங்களாகவே நாலடி உள்ளே தள்ளிக்கொண்டால் அதோடு முடிந்தது.

2025 பிப்ரவரியில் வெள்ளநீர்க் கால்வாய் திறந்தாயிற்றே, இனி என்ன பயம் என்று துபாய் மாப்பிள்ளை கேட்டிருந்தார். வெள்ளாங்குழியில் இருந்து எம்.எல். தேரி வரை 75 கிலோமீட்டர். தாமிரபரணியின் மிச்சத் தண்ணீரைக் கருமேனியாறு, நம்பியாறு பக்கம் கொண்டுவருகிற கால்வாய். நல்ல விஷயம், பல வருஷக் கனவு. ஆனால் மாப்ள, அன்றைக்கு நம் ஊரை அடித்தது ஆற்றுத் தண்ணீர் இல்லை. நம்முடையது மானாவாரிக் குளம். நம் தலைக்கு மேலே இருக்கிற மேட்டுக்காட்டில் பெய்த மழை, மேலக்குளத்தை உடைத்துக்கொண்டு, நம் குளத்துக்கு வந்தது. மேலக்குளம் போன சத்தத்தைக் கேட்டுத்தான் சனங்கள் பள்ளிக்கூடத்து மாடிக்கு ஏறியிருக்கிறார்கள்.

அந்த மேட்டுக்காட்டுக்கும் போனேன். போய் இருபது வருஷம் இருக்கும். அப்பா காலத்தில் எள், உளுந்து, கம்பு போட்ட இடம். சரிவுக்குக் குறுக்கே உழுவார்கள், ஆடிக்கு முன்னால் வரப்பு வெட்டுவார்கள். மழைத் தண்ணீர் வயலுக்கு வயல் நின்று நின்று இறங்கும். இப்போது முழுக்க உடங்காடு, வெறும் உடைமுள். வரப்பு இருந்த தடமே இல்லை. என் நிலத்துக்கு நடுவே ஆளுயரத்துக்கு ஒரு அரிப்பு ஓடை போகிறது. நான் இறங்கி நின்றால் தலை தெரியவில்லை. அங்கிருந்து போன மண்தான் மேலக்குளத்திலும் நம் குளத்திலும் மேடாகக் கிடக்கிறது. குளம் ஏன் சீக்கிரம் நிறைகிறது, ஏன் சீக்கிரம் வற்றுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேடவேண்டாம்.

சித்தப்பா அங்கே நின்றுகொண்டு ஒவ்வொரு துண்டாகக் கை காட்டினார். இது சிங்கப்பூர், இது துபாய், இது உன்னுது, அது நியூஜெர்சி, அந்தா பம்பாய். மேட்டுக்காட்டில் பெரும்பகுதி நம் பெயரில்தான் பட்டா இருக்கிறது. ஊரில் இருப்பவர்கள் அதில் ஒரு மண்வெட்டி போட முடியாது. போட்டால் நாளைக்கு உரிமை கேட்பான் என்று நாம்தான் போன் போட்டுக் கத்துவோம். கத்தியும் இருக்கிறோம்.

ஆகவே முதலில் நான் கேட்பது பணம் இல்லை, கையெழுத்து. உங்கள் மேட்டுக்காட்டு நிலத்தில் வரப்புப் போடவும், அரிப்பு ஓடைகளைக் கல் அடுக்கித் தடுக்கவும், தாழ்வான மூலையில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டவும் சம்மதம் என்று ஒரு பக்கக் கடிதம். உரிமை உங்களுடையதுதான் என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளலாம். வேலையை உச்சியில் தொடங்கிக் கீழே வரவேண்டும். நாலு பேர் தருகிறார்கள், நடுவில் ஒருவர் தரவில்லை என்றால் அவர் நிலத்தில் வேகமெடுக்கிற தண்ணீர் கீழே உள்ள வரப்பை எல்லாம் அறுத்துக்கொண்டு போய்விடும். மிச்சத் தண்ணீர் வெளியேற வரப்புக்கு வாய் விட்டுக் கல் பதிக்கவேண்டும், இல்லாவிட்டால் அதுவும் ஒரு சின்ன உடைப்புத்தான். வரப்பு மேல் பனை விதையும் வெட்டிவேரும் போதும். சுவர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது என்பது என் மதிப்பு.

இதெல்லாம் செய்துவிட்டால் 62 சென்டிமீட்டர் மழையைத் தாங்கிவிடுமா? தாங்காது. மண் ஊறி முடிந்த பிறகு வரப்பு ஒன்றும் செய்ய முடியாது. அதற்குத்தான் மறுகாலும் ஓடையும். வருஷா வருஷம் பெய்கிற பத்து, பதினைந்து சென்டிமீட்டர் மழைக்கு மேட்டுக்காட்டு வேலை. எப்போதோ வருகிற பேய் மழைக்கு மறுகால். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் உண்டு.

மறுகால் கான்கிரீட்டை நாமாகப் போய் உடைக்கமுடியாது. ஒருமுறை கேட்காமல் செய்தது போதும். நம் குளத்து ஆயக்கட்டு, அதாவது அதில் பாய்கிற நிலம், 40 ஹெக்டேருக்குள் என்பதால் அது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கிறது. மே 1 கிராம சபையில் தீர்மானம் போட்டு ஒன்றியப் பொறியாளரிடம் கொடுக்கவேண்டும். தூர் எடுக்கிற வண்டலைக் கோடையில் மணல் மேடான வயல்களுக்கே அடிக்கலாம். அதற்குத் தாசில்தார் அனுமதி போதும். மேலக்குளத்துக்காரர்களிடம் பேசவும் ஆள் வேண்டும். அங்கே பெண் எடுத்தவர்கள் இந்தக் குழுவில் நாலு பேர் இருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியும்.

இன்னும் இரண்டு விஷயம்.

வெள்ள நிவாரணம். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், அதாவது ஏக்கருக்கு ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மணல் அள்ளுகிற டிராக்டர் வாடகைக்கே காணாது. அதுவும் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்குக்குத்தான் வந்திருக்கிறது. விதைத்தவர் குத்தகைக்காரர், பணம் வந்தது மஸ்கட்டில் இருப்பவனுக்கு. எனக்கு வந்ததை நான் கவனிக்கவே இல்லை, ஊருக்குப் போய்ப் பாஸ்புக் போட்டபோதுதான் தெரிந்தது. உங்கள் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிட்டு உரியவரிடம் சேர்த்துவிடுங்கள். அவர்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள்.

அடுத்தது, பாஸ்போர்ட் மாற்றியவர்கள் ஊர்ச் சங்கக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பாதீர்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பில் இருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை; வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை, அதை வாங்குவதற்கான பதிவு நம் சங்கத்துக்குக் கிடையாது. நீங்கள் கையெழுத்தைக் கொடுங்கள், இப்போதைக்கு அது பெரிது.

சர்வே எண்ணும் சம்மதமும் வருகிற பங்குனி முடிவதற்குள் எனக்குத் தனி மடலில் அனுப்பினால் போதும். என்னுடையதைச் சித்தப்பாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

கான்கிரீட்டை உடைக்கும்போது நம் பெயர் வெட்டிய கல்லை என்ன செய்வது என்று சித்தப்பா கேட்டார். நல்ல கருங்கல், வீணாக்க வேண்டாம், கிணற்றடியில் துவைக்கிற கல்லாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். எழுத்துப் பக்கம் கீழே இருக்கட்டுமா மேலே இருக்கட்டுமா என்று சித்தி கேட்கிறாள். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.