உபுண்டு போடும்போது ஆர்எஸ்டியை அணைக்கச் சொல்லி நிற்கிறது, விண்டோஸில் அப்பாவின் நெல் கணக்கு இருக்கிறது

பாமணிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம், பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் லினக்ஸ் லேப் இருக்கிறது, கல்லூரியில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும், அதனால் வீட்டு லேப்டாப்பில் விண்டோஸ் 11-ஐ அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸைப் போடலாம் என்று இறங்கினேன். லேப்டாப் பத்தாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கணினி போல ஓடும் விர்ச்சுவல்பாக்ஸில் போட்டுப் பார்த்தேன், பிரவுசரும் சேர்ந்து ஓடினால் திணறுகிறது.

பென்டிரைவில் ரூஃபஸ் என்ற செயலி வைத்து உபுண்டுவின் ஐஎஸ்ஓ ஃபைலை ஏற்றினேன். பூட் ஆகிறது, இன்ஸ்டால் செய்யாமல் ஓட்டிப் பார்த்தால் வைஃபை, சத்தம் எல்லாம் நன்றாக இருக்கிறது. இன்ஸ்டால் கொடுத்தால் மொழி, கீபோர்டு எல்லாம் கேட்டுவிட்டு, இந்தக் கணினியில் ஆர்எஸ்டி (டிஸ்கைக் கையாளும் இன்டெலின் முறை) இயங்குகிறது, அதை அணைத்தால்தான் மேலே போக முடியும் என்று சொல்லி நின்றுவிடுகிறது. டிஸ்க்ஸ் செயலியைத் திறந்தால் பென்டிரைவ் மட்டும்தான் இருக்கிறது, 512 ஜிபி டிஸ்க் இருக்கிற சுவடே இல்லை.

இந்த லேப்டாப் எனக்கு மட்டும் சொந்தமில்லை. அண்ணன் சிங்கப்பூர் போகுமுன் வாங்கி வைத்தது. அப்பாவின் குறுவை, சம்பா கணக்கு, ஆள் கூலி, அறுவடை மெஷின் வாடகை, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட ரசீது, ஸ்கேன் செய்த சிட்டா அடங்கல், எல்லாம் இதில்தான் இருக்கிறது. ஊரில் ஒரு கடையில் கேட்டேன், ஃபார்மட் அடித்து இரண்டையும் புதிதாகப் போட்டுத் தருகிறோம் என்றார்கள். அது வேண்டவே வேண்டாம். விண்டோஸ் போகாமல் வழி இருந்தால் சொல்லுங்கள்.

நீடாமங்கலத்தான்:

இது ரொம்பச் சின்ன விஷயம். லேப்டாப் ஆன் ஆகும்போதே திறக்கும் அடிப்படை செட்டிங்ஸான பயாஸுக்குள் போனால் சாட்டா மோட் என்று இருக்கும், ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருப்பதை ஏஎச்சிஐ என்ற பொதுவான மோடுக்கு மாற்றிச் சேவ் பண்ணுங்கள், டிஸ்க் தெரிந்துவிடும். கூடவே, நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட் வசதியையும் அணைத்துவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த லேப்டாப்பில் நான் எத்தனையோ தடவை லினக்ஸ் மாற்றிப் போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பாமணிக்கரை:

நீங்கள் சொன்ன இரண்டையும் மாற்றினேன். உபுண்டுவில் டிஸ்க் தெரிந்தது, சந்தோஷமாக இருந்தது. எதற்கும் விண்டோஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டு இன்ஸ்டால் செய்யலாம் என்று திரும்பப் போனால், நீலத் திரையில் பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கிறது, 48 இலக்கமாம். அப்படி ஒரு எண்ணை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, கை நடுங்குகிறது. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

குடந்தை சர்வீஸ்:

தங்கச்சி, முதலில் பதறாதே. டிஸ்கில் நீ எதையும் எழுதவில்லை, அதனால் எதுவும் அழியவில்லை. பயாஸுக்குப் போ, சாட்டா மோடை முன்பு இருந்தபடியே ஆர்எஸ்டிக்கு மாற்று, செக்யூர் பூட்டை ஆன் செய், சேவ் செய்துவிட்டுப் பூட் பண்ணு. பெரும்பாலும் கீ கேட்காமலே விண்டோஸ் வந்துவிடும். வந்ததும் இங்கே எழுது. அதுவரை இன்ஸ்டாலரைத் தொடாதே, ரிப்பேர், ரீசெட் என்று எது வந்தாலும் அழுத்தாதே.

பாமணிக்கரை:

வந்துவிட்டது அண்ணா! எல்லா ஃபைலும் இருக்கிறது. ரொம்ப நன்றி. ஆனால் இப்போது எனக்கு எதுவும் புரியவில்லை, ஏன் கீ கேட்டது, உபுண்டு போட முடியுமா முடியாதா?

குடந்தை சர்வீஸ்:

போடலாம். கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் மாதத்துக்கு இரண்டு பேராவது இதே நிலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள், அதில் சிலர் வரும்போது டிஸ்க் அழிந்து போயிருக்கும்.

உன் லேப்டாப்பில் இரண்டு தனித்தனிப் பூட்டுகள் இருக்கின்றன. முதலாவது ஆர்எஸ்டி. அந்த மோடில் உன் என்விஎம்இ டிஸ்க் நேரடியாகத் தெரியாது, சாட்டா கன்ட்ரோலருக்குப் பின்னால் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். விண்டோஸில் அதற்கான இன்டெல் டிரைவர் இருப்பதால் எட்டிப் பிடித்துவிடும், லினக்ஸால் முடியாது. பென்டிரைவிலிருந்து ஓடும்போது கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதும் பதிவைப் பார்த்தால், மறைந்த என்விஎம்இ ஒன்று இருக்கிறது, பயாஸில் ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்று என்று கர்னலே ஒரு வரி எழுதி வைத்திருக்கும். பதினோராம் தலைமுறையிலிருந்து இதே தொல்லை விஎம்டி என்ற பெயரில் வரும். ஏசர் வைத்திருப்பவர்கள் சிலருக்கு பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால்தான் அந்த வரியே கண்ணில் படும்.

ஆனால் விண்டோஸ் ஆர்எஸ்டியில் இன்ஸ்டால் ஆனது. திடீரென்று ஏஎச்சிஐக்கு மாற்றினால், பூட் ஆகும்போது அதற்கான டிரைவரை எழுப்பாது, தன் டிஸ்கையே தேடிவிட்டு, பூட் டிஸ்கை அணுக முடியவில்லை என்று நீலத் திரை போடும். மாற்றுவதற்கு முன் அதைத் தயார் செய்ய வேண்டும்.

இரண்டாவது பூட்டுதான் உன்னைப் பயமுறுத்தியது. புது விண்டோஸ் லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து உள்ளே நுழைந்தால், டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்கை முழுதாகப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர்தான் இது) நமக்குத் தெரியாமலே ஆன் ஆகியிருக்கும், ஹோம் பதிப்பிலும் கூட. டிஸ்கின் சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில் இருக்கும். செக்யூர் பூட்டை அணைத்தால், யாரோ கணினியில் கை வைத்துவிட்டார்கள் என்று நினைத்து டிபிஎம் சாவியைத் தர மறுக்கும், உடனே 48 இலக்கம் கேட்கும். உபுண்டுவுக்கு செக்யூர் பூட்டை அணைக்க வேண்டிய தேவையே கிடையாது, ஆன் செய்தபடியே பூட் ஆகும்.

அதனால் இனி எதைத் தொடுவதற்கும் முன்னால் அந்தக் கீ உன் கையில் இருக்க வேண்டும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதே. லேப்டாப்பை முதலில் செட் பண்ணியது உன் அண்ணன் என்றால் கீ அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அவர் லாகின் செய்து டிவைஸ் பகுதியில் பார்த்தால் 6 இலக்கமாக 8 தொகுதிகள் வரும். கீழே ஒரு கீ ஐடி இருக்கும், நீலத் திரையில் காட்டிய ஐடியின் முதல் 8 எழுத்தோடு ஒத்துப் போகிறதா என்று பார். அதைப் பேப்பரில் எழுதி, சிட்டா வைத்திருக்கும் பெட்டியிலேயே வை. கணக்கின் முழு பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கிக்கொள், சேஃப் மோடில் பின் எண் சில சமயம் வேலை செய்யாது.

அப்புறம் அப்பாவின் ஃபைல்கள் அத்தனையும் வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு நகல். எடுத்த நகலை வேறொரு கணினியில் திறந்தும் பார்.

இவை இரண்டும் முடிந்த பிறகு செட்டிங்ஸில் பிரைவசி பக்கத்தில் டிவைஸ் என்கிரிப்ஷனை ஆஃப் செய். பூட்டு அவிழ நேரம் எடுக்கும், சார்ஜரில் போட்டுவிட்டு முழுதாக முடியும்வரை விடு. முடிந்ததும் விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி எம்எஸ்கான்ஃபிக் திற, பூட் பக்கத்தில் சேஃப் பூட், மினிமல் இரண்டையும் டிக் செய்து ரீஸ்டார்ட் கொடு, நேராக பயாஸுக்குப் போய் சாட்டா மோடை ஏஎச்சிஐ ஆக்கு. விண்டோஸ் சேஃப் மோடில் எழும்போது ஏஎச்சிஐ டிரைவரைத் தானே ஏற்றிக்கொள்ளும். உள்ளே போய் அந்த சேஃப் பூட் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் வழக்கமான விண்டோஸ் வந்துவிடும், டிஸ்கும் லினக்ஸுக்குத் தெரியும்.

நீடாமங்கலத்தான்:

சகோதரி, மன்னித்துவிடுங்கள். நான் சொன்னது பழைய அனுபவம். அந்த அரசு லேப்டாப்பில் விண்டோஸும் சிடாக் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் வாங்கும்போதே இரண்டாகப் போட்டுத்தான் கொடுத்தார்கள், சாதாரண ஹார்டு டிஸ்க், என்கிரிப்ஷன் எதுவும் கிடையாது, என்ன மாற்றினாலும் திரும்ப வந்துவிடும். உங்கள் கணக்கு ஃபைல்களைக் கேட்காமலே சொன்னது என் தப்பு. பேக்கப் எடுக்கப் பெரிய டிஸ்க் தேவைப்பட்டால் என்னிடம் 1 டிபி ஒன்று சும்மா கிடக்கிறது, மன்னார்குடி வரும்போது கொண்டு வருகிறேன்.

வல்லம் லேப்:

குடந்தை அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஷெல் ஸ்கிரிப்ட்டும் சி புரோகிராமும் மட்டும்தான் லேப் என்றால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்ட மைக்ரோசாஃப்ட் தரும் டபிள்யூஎஸ்எல் போட்டுக்கொண்டால் போதும், டிஸ்கைப் பிரிக்கவே வேண்டாம், விர்ச்சுவல்பாக்ஸை விட ராமும் குறைவாக எடுக்கும். நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்கிறேன். ஆனால் பார்ட்டிஷன், பூட், டிரைவர் எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் நிஜமான இன்ஸ்டால்தான் கற்றுத்தரும், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

போடுவதானால் சி டிரைவை உபுண்டு இன்ஸ்டாலரில் சுருக்காதே, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் சுருக்கு. வருகிற காலி இடத்தில் புது டிரைவ் உருவாக்காமல் அப்படியே விடு.

பாமணிக்கரை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், வீட்டில் நடவு வேலை.

அண்ணனிடம் ராத்திரி வாட்ஸப்பில் பேசினேன். அங்கே நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், அவன் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்காமல் தேடி எடுத்து, ஆறு ஆறாகச் சொன்னான், நான் எழுதினேன், திரும்பப் படித்துக் காட்டினேன். ஐடி ஒத்துப் போனது. நீடாமங்கலம் அண்ணன் டிஸ்க் கொண்டு வந்து கொடுத்தார், நகல் எடுத்து சித்தப்பா வீட்டுக் கணினியில் திறந்தும் பார்த்தோம். மறுநாள் எங்கள் துணைமின் நிலையத்தில் பராமரிப்பு, பகல் முழுக்கக் கரண்ட் இல்லை, அதனால் அதற்கடுத்த நாள்தான் என்கிரிப்ஷனை ஆஃப் செய்தேன். சேஃப் மோடில் பின் எண் ஏற்கவில்லை, பாஸ்வேர்டு வாங்கி வைத்தது நல்லதாயிற்று. இப்போது ஏஎச்சிஐயில் விண்டோஸ் நன்றாக ஓடுகிறது.

அடுத்த சிக்கல்: சி டிரைவில் 300 ஜிபிக்கு மேல் காலி, ஆனால் 18 ஜிபிதான் சுருக்க முடியும் என்கிறது. உபுண்டுவுக்கு 25 ஜிபியாவது வேண்டும் என்று படித்தேன்.

வல்லம் லேப்:

டிரைவின் நடுவில் நகர்த்த முடியாத ஃபைல்கள் உட்கார்ந்திருக்கும், விண்டோஸ் அதைத் தாண்டிச் சுருக்காது. ஹைபர்னேட் ஃபைல், பேஜ் ஃபைல், ரீஸ்டோர் பாயின்ட் இவைதான் வழக்கமாகக் குறுக்கே நிற்பவை. கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்னேட்டை ஆஃப் செய், சிஸ்டம் புரொடெக்‌ஷனையும் பேஜ் ஃபைலையும் தற்காலிகமாக நிறுத்து, ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி சுருக்கு. 100 ஜிபி எடுத்துக்கொள், பிறகு பேஜ் ஃபைலையும் புரொடெக்‌ஷனையும் மட்டும் திரும்ப ஆன் செய். ஹைபர்னேட் ஆஃபாகவே இருக்கட்டும், அதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும். அது ஆனில் இருந்தால் விண்டோஸ் முழுதாக ஷட் டவுன் ஆகாமல் அரைத் தூக்கத்தில் இருக்கும், உபுண்டுவிலிருந்து அப்பாவின் எக்செல் ஃபைலைத் திறக்கலாம், சேவ் பண்ண முடியாது.

இன்ஸ்டாலில் விண்டோஸ் பூட் மேனேஜரோடு சேர்த்து நிறுவு என்பதைத் தேர்ந்தெடு. டிஸ்கை அழி என்று இருப்பதன் பக்கம் போகாதே. பூட் ஃபைல்கள் இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் விண்டோஸ், உபுண்டு இரண்டுக்கும் பொதுவானது, அதை எந்தக் காரணத்துக்காகவும் ஃபார்மட் செய்யக் கூடாது.

பாமணிக்கரை:

போட்டாயிற்று! முதல் தடவை நேராக விண்டோஸுக்கே போனது, பயாஸில் பூட் வரிசையில் உபுண்டுவை மேலே ஏற்றினேன், எதைத் திறக்க வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனு வந்தது, இரண்டும் இருக்கின்றன.

ஒரே ஒரு சந்தேகம். உபுண்டு பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகிறது. அப்பா விடியற்காலை 4 மணிக்கு உட்கார்ந்து ஆள் கணக்கு எழுதுகிறவர், அவருக்கு முந்தைய நாள் தேதி விழுந்துவிட்டது.

குடந்தை சர்வீஸ்:

அது கோளாறு இல்லை. உபுண்டு மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதை இந்திய நேரம் என்றே எடுத்துக்கொள்ளும், நமக்கு வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம். உபுண்டுவில் டெர்மினலைத் திறந்து, டைம்டேட்சிடிஎல் கட்டளையில் செட் லோக்கல் ஆர்டிசி என்பதை 1 என்று கொடுத்துவிடு. பிறகு விண்டோஸில் ஒரு தடவை நேரத்தை சிங்க் செய். அப்பா முந்தைய நாள் தேதியில் எழுதிய வரிகளை மட்டும் அவரோடு உட்கார்ந்து திருத்திக் கொடுத்துவிடு.