ஆளுக்கொரு ஊரில் இருக்கும் குழுவை எப்படி நடத்துகிறீர்கள்?

பாயான்காரன் (பினாங்கு):
வணக்கம். பாயான் லெப்பாஸில் மென்பொருள் வேலை. மூன்று மாதமாக ஒரு புரோஜெக்டை நான்தான் நடத்துகிறேன். இங்கே மூவர், சென்னையில் மூவர், மான்செஸ்டரில் ஒருவர். யாரும் சோம்பேறி இல்லை. ஆனாலும் வாராவாரம் ஏதாவது நழுவிவிடுகிறது. போன வாரம் ஒரே பிழையை இரண்டு பேர் தனித்தனியாக உட்கார்ந்து திருத்தியிருக்கிறார்கள். தினமும் இரவு ஒன்பது மணிக்கு மீட்டிங் வைத்தும் சரிப்படவில்லை. நான் அறையை விட்டு வெளியே வருவதற்குள் மகள் தூங்கிவிடுகிறாள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செராஸ் அக்கா (கோலாலம்பூர்):
தம்பி, 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததிலிருந்து எனக்கு இதுதான் வேலை. முதலில் அந்த இரவு மீட்டிங்கை நிறுத்துங்கள். மான்செஸ்டரில் காலை 9 என்றால் நமக்கு மாலை 5, அவர்கள் கோடையில் 4. சென்னை நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். ஆக மாலை ஐந்துக்கு மூன்று ஊரும் வேலையில் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம் போதும்.

மீதியை எழுத்தில் நடத்துங்கள். நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை மீட்டிங்கில், "வியாழனுக்குள் பணம் கட்டும் பக்கம் முடியணும்" என்றேன். சென்னைத் தம்பி "சரிங்க, சரிங்க" என்றார். வியாழன் வந்தது, பக்கம் வரவில்லை. காதில் விழுந்தது என்பதற்கு அவர் சொன்ன சரியை, செய்துவிடுகிறேன் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் மேல் தப்பே இல்லை. யார், எதை, என்றைக்குள் என்று நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

அன்றிலிருந்து வேலை முடிந்து கிளம்பும்போது எல்லோரும் மூன்று வரி எழுதுகிறோம்: முடிந்தது, நின்றது, யாருக்காகக் காத்திருக்கிறேன். நேற்று வந்தது இது: "லாகின் பிழை திருத்தியாச்சு. ரசீது அச்சாகலை, சர்வர் அனுமதி இல்லை. அனுமதி தரவேண்டியது அக்கா." காலையில் காப்பி குடித்துக்கொண்டே படித்து, அப்போதே அனுமதி கொடுத்தேன். சென்னையில் அவர் கணினியைத் திறக்கும்போது தடை இல்லை.

அப்புறம் விடுமுறை. பொங்கலுக்கு அவர்களுக்கு லீவு, நமக்குப் பொது விடுமுறை கிடையாது. சீனப் புத்தாண்டுக்கு நேர்மாறு. இதைப் பார்க்காமல் ஜனவரி, பிப்ரவரியில் தேதி குறிக்காதீர்கள்.

பிறைவாசி:
அண்ணா, இரவு மீட்டிங்கைத் தவிர்க்கவே முடியாவிட்டால் ஒரு வழி உண்டு. 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத் திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலை நேரத்தை மாற்றித் தரச்சொல்லி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். மறுத்தால் காரணமும் சொல்லவேண்டும். நான் அப்படிக் கேட்டுத்தான் பதினோரு மணிக்கு வேலை தொடங்குகிறேன்.

பாயான்காரன்:
அக்கா, மூன்று வரியை இன்றே எழுதச் சொன்னேன். மான்செஸ்டரிலிருந்து வந்த மூன்றாவது வரி: வடிவமைப்புக் கோப்புக்காக ஆறு நாளாகக் காத்திருக்கிறாராம். அது என்னிடம்தான் இருந்தது. அனுப்பிவிட்டேன். நாளையிலிருந்து மீட்டிங் மாலை ஐந்துக்கு.