உகே, அதாவது பிடியை வாங்கி விழுபவர், தானாக விழுந்தால் அது பயிற்சியா, நடிப்பா?

ஜூடோக்காரன்:
பத்து வருடம் ஜூடோ. முட்டி தேய்ந்ததால் ஆறு மாதமாக ஐக்கிடோ வகுப்புக்குப் போகிறேன். போன வாரம் மூத்தவர் ஒருவர் எனக்கு கோத்தே-காயேஷி போட வந்தார், மணிக்கட்டை வெளிப்பக்கம் திருகி வீழ்த்துகிற பிடி. நான் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு சும்மா நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. "நீங்க இப்ப விழணும்" என்கிறார். வீழ்த்துவது அவர் வேலையில்லையா?

கசங்கிய ஹகாமா:
என்ன பிடி வருகிறது என்று முன்கூட்டியே தெரியும். கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறீர்கள். முழங்கையை ஒட்டி நின்ற நேரத்தில் உங்கள் முகம் திறந்துதானே கிடந்தது? அவர் ஒரு அதெமி, அதாவது ஒரு குத்து விட்டிருந்தால் கை தன்னால் மேலே போயிருக்கும், முழங்கையும் விலகியிருக்கும். அடிக்காமல் விட்டது மரியாதைக்காக.

ஜூடோக்காரன்:
மரியாதை வேண்டாம், அடித்திருக்கட்டுமே! அடிக்கவும் மாட்டீர்கள், நான் மசியாவிட்டால் வேறு பிடிக்கு மாறவும் மாட்டீர்கள். 1882-ல் கொடொகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோ இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர். ஆபத்தான பிடிகளைக் காட்டாவுக்கு, அதாவது இன்னது வரும் என்று பேசிவைத்துச் செய்யும் பயிற்சிக்கு, ஒதுக்கினார். மற்றவற்றை வைத்து ரந்தோரியில், அதாவது எதையும் பேசிவைக்காத மோதலில், இரண்டு பேரும் முழு மூச்சாக மோதலாம். உங்களிடம் முதல் பாதி மட்டும்தான் இருக்கிறது.

கசங்கிய ஹகாமா:
எல்லோரையும் சேர்த்துச் சொல்லாதீர்கள். தோமிகி கென்ஜி கானோவிடமும் படித்தவர், ஐக்கிடோவை உருவாக்கிய உயேஷிபா மொரிஹெய்யிடமும் படித்தவர். ஐக்கிடோவுக்கே ஒரு ரந்தோரியை உண்டாக்கினார். ஒருவர் மெத்தென்ற போலிக் கத்தியோடு குத்த வருவார், மற்றவர் வெறுங்கை. பாதி ஆட்டத்தில் கத்தி கைமாறும். உயேஷிபாவுக்குப் போட்டி என்றாலே ஆகாது, அதனால் அது தனி வழியாகப் போய்விட்டது. அதில் பெரிய பெரிய சுழற்சிகளை அதிகம் பார்க்க முடியாது. முகவாயைத் தள்ளுவது, முழங்கையை அமுக்குவது என்று எளிமையானவைதான் எடுபடும். ஷிஹோ-நாகேயை, கையைத் தோளுக்குப் பின்னால் மடக்கி வீழ்த்துகிற பிடியை, முழு பலத்தில் எதிர்ப்பவர் மேல் போட்டால் முழங்கை போகும், இல்லாவிட்டால் பின்மண்டை தரையில் மோதும். அதற்குத்தான் ஒத்துழைப்பு.

ஜூடோக்காரன்:
நிஜமாக மோதினால் சுழற்சியெல்லாம் காணாமல் போகிறது. நீங்களே சொல்லிவிட்டீர்கள் :)

மரவாள்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஐக்கிடோவோடு பழைய வாள் மரபு ஒன்றும் பயில்கிறேன். அங்கே எல்லாமே காட்டா, எல்லாமே ஒத்துழைப்பு. ஆனால் தோற்கிற பக்கத்தில், உசிதாச்சியாக, நிற்பவர் மூத்தவர். நான் தூரத்தை ஒரு சாண் தப்பாகக் கணித்தால் அவருடைய மரவாள் என் கட்டைவிரல் மேல் வந்து நிற்கும். வாயைத் திறக்கவே மாட்டார். ஐக்கிடோ வகுப்பில் செய்து காட்டும்போது இது அப்படியே தலைகீழ்: ஆசிரியர் வீழ்த்துவார், மாணவர் விழுவார். "இது வேலை செய்யலை சார்" என்று வருடக்கணக்கில் ஒரு உடம்பும் அவரிடம் சொல்லியிருக்காது.

கசங்கிய ஹகாமா:
ஜோடியாகச் செய்யும்போது நாலு தடவைக்கு ஒருமுறை மாறிக்கொள்கிறோமே? மூத்தவரும்தான் விழுகிறார்.

மரவாள்:
விழுகிறார், சரி. அடிக்கிறாரா? போன மாதம் ஷோமென்-உச்சி, நடுத்தலைக்கு வரவேண்டிய வெட்டு. நான் வேண்டுமென்றே நகராமல் நின்றேன். கை என் தோளுக்கு வெளியே இறங்கிப் போயிற்று! நின்ற இடத்திலேயே நின்றால் படாத அடிக்கு எதற்கு ஒரு கலை? நிலை குலைந்தபின் பத்திரமாக விழுவதில் எனக்குக் குறையே இல்லை. அடி பொய்யாக வருவதுதான் கோளாறு.

ஜூடோக்காரன்:
இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிஜமான அடியாகவே இருந்தாலும் ஒன்றோடு நின்றுவிடுகிறதே, அடுத்த கை எங்கே போயிற்று?

கசங்கிய ஹகாமா:
அப்படியானால் அந்த மூத்தவரிடமே கேளுங்கள். என்ன பிடி என்று சொல்லாமல் அவர் போடட்டும், நீங்கள் இரண்டு கையையும் பயன்படுத்துங்கள். அரை வேகம் போதும். பத்துக்கு எத்தனை என்று வந்து எழுதுங்கள்.

ஜூடோக்காரன்:
கேட்டேன், ஒத்துக்கொண்டார். பத்துக்கு மூன்று அவருக்கு. மூன்றாவது எப்படி வந்தது என்றே தெரியவில்லை. வலது மணிக்கட்டு வீங்கி, இதை இடது கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன். மீதி ஏழில் நாலு தடவை அவர் காலை வாரிவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். எழுந்து, தன் அகலமான மடிப்புக் கால்சட்டையான ஹகாமாவை உதறிக்கொண்டு, "அந்தக் கால் வாரலை மெதுவாக ஒருமுறை காட்டுங்க" என்றார்.