கலைச்சொல் விவாதம்: கிண்ணத்தின் அடியில் இருப்பது போலியா, இரவலா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கண்காட்சிக்கு விளக்க அட்டைகள் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் பழைய சீனப் பீங்கான். பதினேழாவது அட்டையில் வண்டி நின்றுவிட்டது.

பொருள் ஒரு நீல வெள்ளைக் கிண்ணம். பேரரசர் காங்ஷி காலத்தது (1662–1722). கவிழ்த்தால் அடியில் இரட்டை நீல வட்டம். அதற்குள் ஆறு எழுத்து, மூன்று மூன்றாக இரண்டு வரிசை. வலப்பக்கத்து வரிசையில் தொடங்கி மேலிருந்து கீழாக வாசித்தால் ‘தா மிங் செங்ஹுவா நியென் ஜி’. மாபெரும் மிங் மரபின் செங்ஹுவா ஆண்டுகளில் செய்தது என்று பொருள். செங்ஹுவா ஆண்டுகளோ 1465 முதல் 1487 வரை. கிண்ணம் தன் வயதில் இருநூறு ஆண்டு கூட்டிச் சொல்கிறது.

முன்பு இதைத் தமிழாக்கியவர் ‘போலி முத்திரை’ என்று எழுதிவைத்திருக்கிறார். படிப்பவர் என்ன நினைப்பார்? போலிச் சாமானைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காசு வாங்குகிறார்கள் என்றுதானே? கிண்ணம் அசல். முந்நூறு ஆண்டுப் பழசு. எழுதியிருக்கும் பெயர் மட்டும் அதனுடையது அல்ல.

குயவர்கள் பழைய பெயரை எழுதியதற்குக் காரணமும் உண்டு. 1677இல் பீங்கான் சூளைகளின் ஊரான ஜிங்தெசென்னின் அதிகாரி, நடப்புப் பேரரசரின் ஆண்டுப்பெயரைப் பீங்கானில் எழுதக் கூடாது என்று தடை போட்டார். உடைந்த சில்லு குப்பையில் கிடந்து மிதிபட்டால் பேரரசருக்கு இழுக்காம். (சாமி படம் போட்ட பட்டாசு உறை தெருவில் கிடந்தால் பதறி எடுத்து ஓரமாக வைக்கிறோமே, அதே பதற்றம்.) குயவர்களில் சிலர் வட்டத்தை மட்டும் போட்டு உள்ளே வெறுமையாக விட்டார்கள். சிலர் ஓர் இலையை வரைந்தார்கள். சிலர் முடிந்துபோன மிங் மரபின் பெயரை எழுதினார்கள், அதிலும் தாங்கள் பெரிதும் மெச்சிய செங்ஹுவாவின் பெயரை. தடை இல்லாத காலங்களிலும் இந்த வழக்கம் இருந்தது. பழைய கைகளுக்குச் செய்யும் மரியாதை.

‘முன்னோர் முத்திரை’, ‘ஏற்று முத்திரை’ என்று இரண்டு யோசித்தேன். இரண்டும் வாயில் ஒட்டவில்லை. உங்கள் கருத்து வேண்டும்.

* * *

அம்மா,

முதலில் ‘முத்திரை’யை விடுங்கள். முத்திரை அழுத்திப் பதிப்பது. நீங்கள் சொல்லும் ஆறு எழுத்தும் தூரிகையால் நீலத்தில் எழுதி, மேலே மெருகு (கண்ணாடி போன்ற பூச்சு) பூசிச் சூளையில் வைத்தவை. ‘குறி’ போதும். ‘அரச’ என்று அடை சேர்க்கவும் வேண்டாம். அரண்மனைச் சூளை மட்டுமா எழுதியது, தனியார் சூளைகளும் எழுதின. பேரரசரின் சொந்தப் பெயரும் அன்று, ஆட்சிக்காலத்துக்கு இட்ட பெயர். ஆகவே ‘ஆட்சிக்குறி’.

‘போலி’க்காக ஒரு வார்த்தை பேசத் தோன்றுகிறது. இலக்கணத்தில் போலி குற்றமன்று. நிலம் நிலன் ஆகும், பந்தல் பந்தர் ஆகும். ஓரெழுத்தின் இடத்தில் இன்னொன்று வந்து நிற்கும், பொருள் கெடாது. உங்கள் கிண்ணத்தில் நடந்திருப்பது ஏறக்குறைய அதுதான். ஆனால் போலி மருத்துவர், போலி நகை, போலிச் சான்றிதழ் என்று செய்தித்தாள்கள் அந்தச் சொல்லைக் கைதுசெய்து உள்ளே வைத்துவிட்டன. இனி ஜாமீன் கிடைக்காது.

என் பரிந்துரை ‘படிக்குறி’, படி என்றால் நகல். கோயிலைப் புதுப்பிக்கும்போது பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் மீண்டும் வெட்டுவார்கள். ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று எழுதியே வைப்பதுண்டு. ஆட்சியாண்டு பழையது, எழுத்து வடிவம் பிந்தையது. யாரும் அதைப் போலிக் கல்வெட்டு என்பதில்லை.

ஒன்று மட்டும். குறியை வைத்துக் காலம் சொல்லும் பழக்கம் கடைத்தெருப் பழக்கம். ராமநாதபுரம் கடற்கரையில் உள்ள பெரியபட்டினத்து அகழாய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனச் சில்லுகள் கிடைத்தன. லோங்சுவான் சூளைப் பச்சைப் பீங்கானில் ஏது ஆட்சிக்குறி? மண்ணையும் மெருகையும் பாத்திரம் ஊன்றி நிற்கும் அடிவளையத்தையும் பார்த்துத்தான் காலம் சொன்னார்கள்.

* * *

ஐயா, கடைத்தெருக்காரன் நான்தான். பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன், கோபமில்லை. நீங்கள் சொன்னது சரி. கடைக்கு வருகிறவர்கள் ஜாடியை எடுத்தவுடன் தலைகீழாகத் திருப்புகிறார்கள். அந்த ஆறு எழுத்துக்கு அப்படி மவுசு. 2014இல் ஹாங்காங் ஏலத்தில் கோழிப்படம் போட்ட செங்ஹுவா கோப்பை ஒன்று 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் போனது. உள்ளங்கைக்குள் அடங்கும் கோப்பை. வாங்கியவர் அதில் டீ ஊற்றிக் குடித்துப் படமும் எடுத்துக்கொண்டார்.

நானும் ஒரு காலத்தில் திருப்பிப் பார்த்து வாங்கியவன்தான். முதல் வருஷம் ஒரு வீட்டுச் சாமான்களோடு ஒரு ஜாடி வந்தது. அடியில் 18ஆம் நூற்றாண்டுப் பேரரசர் சியான்லோங்கின் ஆட்சிக்குறி, கட்டம் கட்டமாகக் கோடிழுத்த எழுத்து. மெருகு படாத அடிவளையம் நல்ல பழுப்பு. பழசு என்று நம்பி விலை கொடுத்தேன். வீட்டில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் முக்கிவைத்தேன். அரை மணி நேரத்தில் தண்ணீர் டிகாஷன் நிறத்துக்கு வந்தது, வளையம் சுண்ணாம்பு வெள்ளைக்குப் போனது. விரலால் தடவினால் மணல்தாள் மாதிரி நறநறப்பு. காங்ஷி காலத்து நல்ல சாமானில் அந்த இடம் கொழுக்கட்டையை விண்டது போல நெருக்கமாக, வழவழவென்று இருக்கும். சீனர்களே அதை ஒட்டரிசி உடல் என்பார்கள். அன்றிலிருந்து எழுத்தைக் கடைசியில்தான் படிக்கிறேன்.

‘படிக்குறி’ எனக்கு ஒப்பவில்லை ஐயா. படி என்றால் மாடிப்படி, அளக்கிற படி, பஞ்சப்படி. அது போகட்டும், இங்கே படியெடுத்தல் நடக்கவே இல்லை. செங்ஹுவா குறியின் எழுத்து கொஞ்சம் குழந்தைக் கை போலத் தடித்து, மெருகுக்கு அடியில் மங்கலாக இருக்கும். காங்ஷி குயவன் அதே ஆறு எழுத்தைத் தன் கையெழுத்தில் சீராக, தன் காலத்துப் பளிச்சென்ற நீலத்தில் எழுதுகிறான். பெயரைத்தான் வாங்கினான், கையை வாங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டுப் போவார்கள். போட்டவள் திருடி இல்லை. நகை அவளுடையதும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது யாருடைய அட்டிகை என்றுகூடத் தெரியும். ‘இரவல் குறி’ என்று வையுங்களேன். ஏமாற்றுவதற்கென்றே எழுதியதைக் ‘கள்ளக்குறி’ என்று தனியாகச் சொல்லிவிடலாம். கள்ளநோட்டு, கள்ளச்சாவி வரிசையில் தானாக உட்காரும்.

* * *

தம்பிக்கு நன்றி. ‘இரவல்’ கேட்டவுடன் பிடித்துவிட்டது. மேசை மேல் இருந்த அட்டையில் எழுதியே பார்த்துவிட்டேன்.

‘கள்ளக்குறி’யில் ஒரு சிக்கல். உங்கள் ஜாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறியை எழுதியவர் வெறும் அலங்காரச் சாமானாக நினைத்து எழுதியிருக்கலாம். அடிவளையத்தில் பழுப்புப் பூசியவர் வேறொருவராக இருக்கலாம். கள்ளம் பூச்சில் இருக்கிறது, விற்றவர் வாயில் இருக்கிறது, எழுத்தில் இருக்கிறதா? வெப்ப ஒளிர்வுச் சோதனைக்கு அடியில் சிறு துளை போட்டு மாதிரி எடுக்கிறார்கள். கடைசியாகச் சூளையில் வெந்தது ஏறத்தாழ எப்போது என்று அது சொல்லும். வேகவைத்தவர் மனத்தில் என்ன இருந்தது என்று சொல்லாது.

காலத்திலேயே கருத்து பிளப்பதும் உண்டு. 2022இல் பிரான்சில் ஃபோன்தென்புளோ ஊர் ஏலத்தில் ஒரு நீல வெள்ளைப் பூச்சாடி வந்தது. 20ஆம் நூற்றாண்டுச் சாமான், இரண்டாயிரம் யூரோவுக்குள் போகும் என்று நிபுணர் மதிப்பிட்டார். ஏலத்தில் 77 லட்சம் யூரோ வரை ஏறியது. கேட்டவர்கள் 18ஆம் நூற்றாண்டு என்று நம்பினார்கள். நிபுணர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் அட்டை எழுதுகிறவள் ‘கள்ள’ என்று எழுதினால் தீர்ப்பே எழுதியதாகிவிடும்.

ஆகவே குறியும் பொருளின் காலமும் பொருந்தவில்லை என்றால் எண்ணம் எதுவானாலும் ‘இரவல் ஆட்சிக்குறி’. ‘கள்ள’த்தை விற்பனைக்கும் வழக்குமன்றத்துக்கும் விட்டுவிடுவோம்.

இன்னொன்று, நடுவில் தோன்றியது. மண், மெருகு, நீலம், அடிவளையம் எல்லாம் பார்த்துக் காலம் சொல்லும் திறமைக்குப் ‘பழம்பொருள் மதிப்பீடு’ என்று எழுதிவருகிறோம். மதிப்பீடு விலையைத்தானே சொல்லும்? காசு செல்லுமா செல்லாதா என்று பார்த்துச் சொன்னவரை அந்தக் காலத்தில் நோட்டக்காரர் என்றார்கள். அந்த ‘நோட்ட’த்தை எடுத்துக்கொள்ளலாமா? இன்று நோட்டம் விடுவது திருடர்கள் மட்டும்தான் என்பது தெரியும். ஐயா என்ன சொல்கிறீர்கள்?

பதினேழாவது அட்டை இப்போது இப்படி இருக்கிறது:

‘நீல வெள்ளைக் கிண்ணம். ஜிங்தெசென், சீனா. காங்ஷி காலம், 1662–1722. அடியில் செங்ஹுவா (1465–1487) பெயரில் இரவல் ஆட்சிக்குறி.’

புதன்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.